யூதர் என்றால் இஸ்ரேல் அல்ல: புதிய அரசு பற்றிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலில் ஆட்சி மாறினால் ‘உலக யூதர்கள் வரவேற்பு’ என்றோ ‘உலக யூதர்கள் கவலை’ என்றோ ஒரு வரி எழுதிவிடுவது சுலபம். எந்த நாட்டு யூதர்கள், எந்தப் பிரிவினர் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். அதைப் பார்க்க, நெதன்யாகுவை இறக்கிவிட்டு 2021-இல் நஃப்தாலி பென்னெட்டும் யாயிர் லாப்பிட்டும் அமைத்த பென்னெட்-லாப்பிட் அரசைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜூன் 13 அன்று நாடாளுமன்றத்தில் 60-க்கு 59 என்ற வாக்குக் கணக்கில், எட்டுக் கட்சிகள் சேர்ந்து உருவான ஆட்சி. ஓராண்டுதான் ஓடியது. ஆனால் அந்த ஓராண்டுக்குள் வரவேண்டிய தலைவலிகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

முதல் தவறு சொல்லிலேயே இருக்கிறது. ‘புலம்பெயர்ந்தோர்’ என்றதும் நமக்கு டொராண்டோவும் பாரிஸின் லா சப்பலும் கண்முன் வரும். ஊரில் வீடு, காணி, சொந்தங்களை விட்டுப் போனவர்கள் என்று மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். நியூயார்க்கில் இருக்கும் யூதக் குடும்பம் பெரும்பாலும் டெல் அவிவிலிருந்து போனதல்ல. அவர்களுடைய பாட்டன் பாட்டி போலந்து, உக்ரைன், லித்துவேனியா பக்கமிருந்து கப்பல் ஏறியபோது இஸ்ரேல் என்ற நாடே கிடையாது. ஹீப்ருவில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘கலூத்’ என்றால் நாடுகடந்த துயரம். ‘த்ஃபுட்சோத்’ என்றால் வெறுமனே பரவியிருத்தல். அவர்களுக்கென இஸ்ரேல் வைத்திருக்கும் அமைச்சகத்தின் பெயரில் இருப்பது இரண்டாவது சொல். நம் பக்கத்துக் கொச்சியில் கதை தலைகீழ்: நூற்றாண்டுக் கணக்கில் மட்டாஞ்சேரியில் இருந்தவர்கள், 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபோனார்கள். அவர்களைக் கேட்டால் எது புலம், எது பெயர்வு?

யூதர், இஸ்ரேலியர் என்ற இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது இதன் தங்கை. இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர். அந்த 2021 கூட்டணியிலேயே மன்சூர் அப்பாஸின் ‘ராஅம்’ என்ற இஸ்லாமியக் கட்சி நான்கு இடங்களுடன் இருந்தது. அந்த நான்கு இல்லாமல் பென்னெட் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

உலக யூதர்களுக்கு ஒரே குரல் என்று நினைப்பது இன்னொன்று. எருசலேமில் யூதர்கள் தொழும் புனித இடமான மேற்குச் சுவருக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். பிரதான முற்றத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. பொறுப்பு, மரபை இறுக்கிப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபிகள் (மதகுருக்கள்) கையில். ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழ வேண்டுமானால் தெற்கே, ராபின்சன் வளைவு என்ற தொல்லியல் இடத்தில் போட்ட மேடைக்குப் போக வேண்டும். இந்த இடத்தைச் சீராக்கி, ரிஃபார்ம் போன்ற தாராளப் பிரிவினருக்கு நிர்வாகத்திலும் பங்கு தருவதாக 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2017 ஜூனில் அதைக் கிடப்பில் போட்டது. ஒரு வழிபாட்டு மேடைக்கும் வெளியுறவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 2020 கணக்குப்படி அமெரிக்க யூதர்களில் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் 9 சதவீதம்தான். ரிஃபார்ம் பிரிவினர் 37 சதவீதம். அதாவது வாஷிங்டனில் இஸ்ரேலுக்காகப் பேசக்கூடியவர்களில் பலருக்கு, அந்தச் சுவரின் பிரதான முற்றத்தில் தங்கள் வழக்கப்படி நிற்க இடமில்லை. பென்னெட்-லாப்பிட் கூட்டணி அந்த ஒப்பந்தத்தை எடுத்துச் செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். செய்யவில்லை. ஒரு வாக்குப் பெரும்பான்மையில் நிற்பவர்கள் அந்தக் குளவிக்கூட்டில் கை வைப்பார்களா?

‘யூத லாபி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் இதைப் போன்றதே. அமெரிக்க யூதர்களில் பத்தில் ஏழு பேர் ஜனநாயகக் கட்சிப் பக்கம். நெதன்யாகுவுக்கு அங்கே உறுதியாகத் துணை நின்றதில் எவாஞ்சலிகல் கிறிஸ்தவர்களின் பங்கு பெரியது.

பிரதமர் மாறினால் கொள்கை மாறும் என்று நினைக்கவும் வேண்டாம். ஈரான் அணு ஒப்பந்தத்தை நெதன்யாகு எதிர்த்தார், பென்னெட்டும் எதிர்த்தார். முன்னவர் 2015-இல் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே போய் நின்று எதிர்த்தார், பின்னவர் பைடனிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். மாறியது தொனி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெளிநாட்டு யூதர்கள் எப்போதும் இஸ்ரேலின் பலம் என்று கணக்குப் போடுவது. சில நேரம் அவர்களே பிணைக்கைதி மாதிரி ஆகிவிடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது இஸ்ரேல் ஏன் பட்டும் படாமலும் பேசியது? சிரியா வானம் ரஷ்யர் கட்டுப்பாட்டில் இருந்தது, ஈரானிய இலக்குகளைத் தாக்க அவர்கள் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்ற காரணத்தை எல்லோரும் எழுதினார்கள். பலர் விட்டது இன்னொன்று: போரின் இரண்டு பக்கமும் யூதர்கள் பெருமளவில் இருந்தார்கள். உக்ரைன் அதிபரே யூதர்.

மார்ச் 5, சனிக்கிழமை. சபாத் என்ற வார ஓய்வு நாளில் பயணம் செய்யாத, தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி அணியும் பென்னெட், உயிர்காக்க விதிவிலக்கு உண்டென்று சொல்லி, புதினுடன் பேச மாஸ்கோவுக்குப் பறந்தார். கூடவே பேச்சுக்கு உதவப் போன அமைச்சர் சேவ் எல்கின் பிறந்த ஊர் கார்கிவ். அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்த அதே கார்கிவ்.

வெளியுறவு அமைச்சர் லாப்பிட், உக்ரைனின் புச்சா நகரில் நடந்த படுகொலைகளைப் போர்க்குற்றம் என்றார். மே முதல் தேதி ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், ஹிட்லருக்கும் யூத ரத்தம் இருந்தது என்று பேசி வைத்தார். புதின் மன்னிப்புக் கேட்டதாக இஸ்ரேல் தரப்பு அறிவித்தது. ஜூலையில் லாப்பிட் பிரதமரானார். அதே மாதம் ரஷ்ய நீதி அமைச்சகம், இஸ்ரேலுக்குக் குடியேற விரும்புவோருக்கு உதவும் ‘யூத ஏஜென்சி’யின் ரஷ்யக் கிளையை மூட வேண்டுமென்று மாஸ்கோ நீதிமன்றத்துக்குப் போனது. தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாகப் புகார். அது வெறும் சட்டப் பிரச்சினை என்று டெல் அவிவில் நம்பியவர்கள் குறைவு. கண்டித்துப் பேசினால் கதவை அடைப்பார்கள். பேசாவிட்டால் மேற்குலகம் முறைக்கும்.

அந்த ஆண்டு இஸ்ரேலுக்குக் குடியேறிய சுமார் 70,000 பேரில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் 1970-இல் திருத்தப்பட்ட ‘திரும்பி வரும் உரிமைச் சட்ட’த்தின்படி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதர் என்ற கணக்கில் வந்தவர்கள், மதச் சட்டப்படி யூதர் அல்ல. நவம்பர் தேர்தலில் லாப்பிட் தோற்றதும், டிசம்பரில் வந்த நெதன்யாகு கூட்டணியில் மதக் கட்சிகள் கேட்டவற்றில் ஒன்று, இந்தப் பேரப்பிள்ளை விதியை நீக்குவது. அதற்கு வந்த எதிர்ப்பில் உரத்த குரல் அமெரிக்க யூத அமைப்புகளுடையது.