தக்கைப்பூண்டு மடக்கிய வயலுக்கு எத்தனை மூட்டை யூரியா?

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். களிமண். அப்பா இருந்தவரை உரக்கணக்கு அவர் கையில் இருந்தது. அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்த முதல் வருடம், குறுவை அறுத்த கையோடு வைக்கோலையும் தாளையும் சேற்றில் மடக்கி, நான்காம் நாளே அடுத்த போகமான தாளடி நெல்லை நட்டுவிட்டேன். பதினைந்து நாளில் பயிர் மஞ்சளடித்தது. சத்து போதவில்லை என்று ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா வீசினேன். கொஞ்ச நாளில் பயிர் கருகருவென்று எழும்பியதும் மனசு குளிர்ந்தது. அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வந்தது. பால் பிடிக்கும் சமயம் மார்கழி மழையில் பாதி வயல் சாய்ந்தது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. தண்ணீர் நிற்கும் வயலில் நெல் வேர் தழைச்சத்தை (நைட்ரஜனை) பெரும்பாலும் அம்மோனியமாகவே எடுக்கிறது. அது யூரியாவில் இருந்து வந்ததா, எருவில் இருந்து வந்ததா என்று வேர் பார்ப்பதில்லை. எப்போது கிடைக்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். யூரியா சில நாளில் கரைந்து மாறிவிடும். வேர் எடுத்தது போக மிச்சத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். வைக்கோலில் தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும், சில வாரம் கழித்துத்தான் விடும். என் வயலில் அது விட்ட நேரமும் யூரியா வேலை செய்த நேரமும் ஒன்றாகிவிட்டன.

இப்போது குறுவையை விட்டுவிட்டு, ஆடிப்பெருக்கை ஒட்டி ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைக்கிறேன், பசுந்தாள் உரமாக மண்ணில் மடக்கத்தான். 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழவேண்டும். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகி, மட்க நாளாகும். மடக்குவதற்கு முந்தின நாள், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் இருப்பதைப் பிடுங்கி எடை போட்டுப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மொத்தக் கணக்கும் இதில்தான் தொடங்குகிறது. எனக்கு 2 கிலோ வரும். ஏக்கருக்கு 8 டன் பச்சைத் தழை. அதில் 40 கிலோ போலத் தழைச்சத்து இருக்கும். இந்தப் போகத்துக்கு 25 கிலோ கிடைக்கும் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். மட்கிய எரு இரண்டு டிப்பர் அடித்தால் இன்னும் 5 கிலோ. எருவில் இருக்கும் சத்து முழுவதும் ஒரே போகத்தில் வந்துவிடாது.

மடக்கிய பிறகு பத்து நாள் பொறுங்கள். பச்சைத் தழை தண்ணீருக்கடியில் அழுகும்போது வரும் அமிலமும் வாயுவும் இளநாற்றின் வேரைக் கருக்கிவிடும். நட்ட பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு குத்தைப் பிடுங்கி அலசிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ துரு நிறத்திலோ இருந்தால் சரி. கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் மடையைத் திறந்து தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிடுங்கள். அந்த நேரத்தில் யூரியா போட்டு ஒரு பயனும் இல்லை, வேரே எடுக்காது.

இனி மூட்டைக் கணக்கு. டெல்டாவுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 20 கிலோ. ரசாயன உரம் மட்டும் என்றால் மணிச்சத்தோடு கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள டிஏபி ஒரு மூட்டை, யூரியா இரண்டரை மூட்டை, பொட்டாஷ் 33 கிலோ. தக்கைப்பூண்டும் எருவும் சேர்ந்து 30 கிலோ தருகிறது, டிஏபியில் 9 கிலோ இருக்கிறது. மீதி 21 கிலோவுக்கு 45 கிலோ மூட்டை யூரியா ஒன்றே போதும்.

டிஏபி முழுவதையும் அடியுரமாகப் போட்டுவிடுங்கள். தூர் கட்டும்போது டிஏபி வீசுவது எங்கள் பக்கம் பெரிய பழக்கம், எனக்கு அது வயிற்றெரிச்சல். மணிச்சத்து வேர் பிடிக்கும்போதே பக்கத்தில் இருக்கவேண்டிய சத்து. பொட்டாஷில் பாதி அடியுரம், பாதி கதிர் உருவாகும்போது. பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் நிற்கிறது. வைக்கோலைக் கட்டி விற்றுவிட்டால் அதுவும் லாரி ஏறிவிடும். விற்கிறவர்கள் பொட்டாஷைக் குறைக்கவே கூடாது. சிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, பசுந்தாள் உரம் போட்ட வயலுக்கு அதில் பாதி. டிஏபியோடு கலக்காமல், மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.

அந்த ஒரு மூட்டை யூரியாவை மூன்றாகப் பிரிப்பேன். தூர் கட்டும்போது 15 கிலோ, கதிர் உருவாகும்போது 20, கதிர் வெளிவரும்போது 10. நான் நடுவது ஏடிடி 39 நெல் ரகம். நட்ட 35ஆம் நாள் வாக்கில் ஒரு தூரின் அடித்தண்டைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற குருத்து தெரியும், அதுதான் இரண்டாம் தவணைக்கு நேரம். தண்ணீரை மெல்லிய படலமாக வடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வீசி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். நிறைந்த தண்ணீரில் உச்சி வெயிலில் வீசினால் பாசி வளர்ந்த தண்ணீரில் இருந்து அம்மோனியா ஆவியாகிப் போகும்.

ஆனால் தவணைத் தேதி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மூட்டையைப் பிரிக்காதீர்கள். தழை மடக்கிய வயல், குறிப்பாக வெயில் நாட்களில், தானாகவே சத்தை விட்டுக்கொண்டிருக்கும். காலையில், உடம்பின் நிழலில், முழுதாக விரிந்த மேல் இலையை, பச்சை நிறத்தை எண் போட்டுக் காட்டும் இலை வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்துக் குத்தில் ஆறு, அட்டையின் 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் எண் 3. போன சம்பாவில் கதிர் வந்த சமயம் எட்டு இலை 4இலேயே நின்றது. கடைசி 10 கிலோ மூட்டையை விட்டு வெளியே வரவில்லை.