தொல்லை தரும் உரோம விலங்குகள்: சுடும் முன்னும் சுட்ட பின்னும்

கோழிக்கூண்டைக் கிழிக்கும் ரக்கூன் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட அமெரிக்க விலங்கு), வாய்க்காலை அடைத்து வயலில் நீரைத் தேக்கும் பீவர் (அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு), ஆட்டுக்குட்டியைக் கவ்விச் செல்லும் நரி ஆகியவற்றால் தொல்லை எவ்வளவு பெரிதானாலும், கொல்வதற்கு அனுமதி தேவையா என்பதை உங்கள் பகுதி வனவிலங்குத் துறையிடம் முதலில் கேட்டறியுங்கள். அடுத்து, செத்த உடலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எந்தத் தோட்டா, உடலில் எந்த இடம், எந்தப் பருவம் என்பதையெல்லாம் அந்த முடிவுதான் தீர்மானிக்கிறது.

தோல் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் வேட்டையாடுங்கள். கோடையில் உரோமம் மெலிந்திருப்பதால் தோலுக்கு மதிப்பில்லை. சூடு ஆறாத உடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் வயிற்றுப் பக்கம்தான் முதலில் கெடும். அங்கே மயிரை இரு விரல்களால் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். கற்றையாகக் கையோடு வந்துவிட்டால், அந்தத் தோலுக்காக மேலும் உழைப்பது வீண்.

பகலில் தள்ளாடித் திரியும், மனிதரைக் கண்டும் அஞ்சாத விலங்கைத் தலையில் சுடக்கூடாது. வெறிநோய்ச் சோதனைக்குச் சிதையாத மூளை தேவை. அது யாரையேனும் கடித்திருந்தால், உடலை உறையவிடாமல் பனிக்கட்டியில் குளிர்வித்து, சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுங்கள். எந்த விலங்கானாலும் கையுறை கட்டாயம். உடல் குளிரக் குளிர உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் இறங்கி வேறு உடல் தேடும். துலரேமியா போன்ற பாக்டீரியா நோயோ கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே தொற்றிவிடும்.

பீவர், ரக்கூன் இறைச்சியை உண்பவர்கள் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை வேகவைக்க வேண்டும். காட்டு விலங்குகளின் தசையில் தங்கும் ட்ரிக்கினெல்லா புழுக்களில் சில வகைகள் உறைநிலையையும் தாங்குவதால், உறையவைத்ததை நம்பி அரைவேக்காட்டில் உண்பது ஆபத்து.

எஞ்சிய உடலைக் கழுகுக்கும் காகத்துக்கும் விட்டுவிடுவது இயற்கையாகத் தோன்றும். ஆனால் ஈயத்தோட்டா பாய்ந்த உடலில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள்கள் சிதறியிருக்கும். அவற்றை விழுங்கும் கழுகும் நஞ்சேறிச் சாகும். வெளியில் விடுவதாக இருந்தால் செம்புத் தோட்டாவையே பயன்படுத்துங்கள். நஞ்சு வைத்துக் கொன்றதை ஒருபோதும் வெளியில் விடாதீர்கள். புதைப்பதென்றால் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட, நீர் ஊறாத மேட்டில், உடலுக்கு மேல் குறைந்தது 60 செ.மீ. மண் மூடும் ஆழத்தில் குழி வெட்டுங்கள். சுண்ணாம்பு கொட்டினால் உடல் விரைவில் கரையும் என்று பலர் நம்புகிறார்கள். நாற்றத்தைச் சற்று அடக்குமே தவிர, அது அழுகலைத் தாமதப்படுத்தவே செய்யும். அதைவிட மண்ணை மிதித்து இறுக்கி, நாய் தோண்டாதபடி மேலே கனமான கற்களைப் பரப்புங்கள்.