சிறிய வீட்டில் செடி வளரும் மீன்தொட்டி: முதலில் செடி, அப்புறம்தான் மீன்

வீட்டில் இடம் இல்லை, அதனால் இருப்பதிலேயே சின்னதாக ஒரு பத்து லிட்டர் மீன்தொட்டி வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய அதில் சூடும் அழுக்கும் வேகமாக ஏறும், மூலையில் ஒரு மீன் செத்துக் கிடப்பதை ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலே மொத்தமும் கெட்டுவிடும். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் 54 லிட்டர் பிடிக்கும், ஒரு சின்ன மேசை அளவு இடம் போதும். தண்ணீர் மட்டுமே 54 கிலோ, கண்ணாடி, சரளை, கல் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டிவிடும். அதனால் சுவரில் அடித்த பலகையில் வைக்காமல், தரையில் ஆடாமல் நிற்கும் ஸ்டாண்டில், ஜன்னல் வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். ஃபில்டர், விளக்கு வயர்கள் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும். அப்படி விட்டால் வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

தொடக்கத்தில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மூன்றும் போதும், குறைந்த வெளிச்சத்திலேயே வளர்கிறவை, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் கேட்காதவை. முதல் இரண்டுக்கும் தடித்த கிடைத்தண்டு ஒன்று இருக்கும், அதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். கிரிப்டோகோரைனை நட்ட ஒன்றிரண்டு வாரத்தில் இலைகள் கூழாகக் கரையலாம். செத்துவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது! வேர் உயிரோடுதான் இருக்கும், கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள், புதுத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். கூடவே ஹார்ன்வோர்ட் மாதிரி வேகமாக வளரும் மிதக்கும் செடி ஒரு கைப்பிடி போடுங்கள், பாசிக்குப் போக வேண்டிய சத்தை அது முதலில் இழுத்துக்கொள்ளும்.

பாசி வந்தால் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ஒரு டைமர் வாங்கி முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம் விளக்கு எரியட்டும், செடி ஊன்றியதும் 7 அல்லது 8, அதற்கு மேல் கூடவே கூடாது. கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி படிவது புதுத் தொட்டியில் வழக்கம்தான், துடைத்துக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் அதுவே நின்றுவிடும்.

இனி மீன். நான் முதல் தொட்டியில் மூன்றாவது நாளே மீன் விட்டேன், தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தெளிவாக இருப்பது வேறு, மீனுக்கு ஏற்றதாக இருப்பது வேறு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் சரளையிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை மீன் இல்லாமல், தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள், அந்தத் தீனி அழுகித்தான் பாக்டீரியாவுக்கு அம்மோனியா கிடைக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா முதலில் ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட்டும் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் தெரிந்த பிறகுதான் முதல் நாலைந்து மீன், அதுவும் நியான் டெட்ரா, செர்ரி பார்ப் மாதிரி சின்னக் கூட்ட மீன்கள். கோல்டுஃபிஷ் இந்த அளவுத் தொட்டிக்கே சரிப்படாது, பெரிதாக வளரும், செடியையும் தின்னும்.

பிறகு வேலை அதிகம் இல்லை. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் டீகுளோரினேட்டர் மருந்து கலந்தே ஊற்றுங்கள், ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போட்ட தண்ணீராக இருந்தால் அது போகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள், பாடுபட்டு வளர்த்த பாக்டீரியா செத்துவிடும், வெளியே எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான்.

செடி அடர்ந்து வளர்ந்ததும் வெட்டிய துண்டுகளை ஏரியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள், ஹார்ன்வோர்ட் மாதிரியானவை அங்கே பரவி நீர்நிலையையே மூடிவிடலாம். நன்றாகக் காய வைத்து பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள், மேலே அந்தப் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள்.