ஸ்வீட்பிரெட் சமைக்கும் முன்

பெயரைக் கேட்டு இனிப்புப் பாண் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்வீட்பிரெட் என்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் கழுத்து, நெஞ்சுப் பகுதியிலுள்ள தைமஸ் சுரப்பியையும் கணையத்தையும் குறிக்கும். விலங்கு வளர வளரத் தைமஸ் சுருங்கிவிடுவதால், முதிர்ந்த ஆட்டில் அதைத் தேடிப் பயனில்லை. கொழும்பில் ஈரலும் பாபத்து எனும் குடல் இறைச்சியும் போல இது எளிதில் கிடைப்பதில்லை என்பதால், இறைச்சிக் கடைக்காரரிடம் முதல் நாளே இளம் ஆட்டின் சுரப்பி வேண்டுமென்று சொல்லிவைப்பது நல்லது.

வாங்கிய அன்றே உப்பிட்ட குளிர்நீரில் 2 அல்லது 3 மணி நேரம் ஊறவிட்டு, இரத்தம் கசியக் கசிய நீரை மாற்றி, பின்னர் தேசிக்காய்ப்புளி சேர்த்த நீரில் சுமார் 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, உடனே குளிர்நீரில் இட்டால், மேலே போர்த்திருக்கும் சவ்வை விரலாலேயே உரித்துவிடலாம். இதில் சோம்பல் கூடாது. சவ்வு இருந்தால் மெல்லவே முடியாது. அதன்பின் பாரம் வைத்து அழுத்தி, துண்டுகளாக்கி, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, உள்ளே முழுவதும் வேகும்வரை பொன்னிறமாகப் பொரித்தெடுக்கலாம். நமது காரமான பிரட்டல் ஈரலுக்குப் பொருந்தும், ஆனால் இதன் மென்சுவையை மூடிவிடும் என்பது என் எண்ணம்.

உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிகுந்த உணவென்பதால், யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.