கோயில் தளத்துக்கு என்ஜின்எக்ஸ்: 403 பிழையைத் தாண்டி

டர்பனில் ஏதேனும் ஒரு கோயிலோ தமிழ்ப் பள்ளியோ தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரலை வெளியிடத் தளம் கேட்டால், வாடகைக்கு எடுத்த, உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் சிறிய சர்வரில், உலாவிகளுக்குப் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவுவதையே நான் பரிந்துரைக்கிறேன். வீட்டுக் கணினியில் வைத்தால், மின்வெட்டு வரும்போதெல்லாம் தளமும் அணைந்துவிடும். இதே வேலையைச் செய்யும் அப்பாச்சியும் நல்ல மென்பொருள்தான். ஆயினும் நிலையான பக்கங்களை வழங்குவதற்கு, இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸின் அமைவுக் கோப்பே படிக்க எளிது.

தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, உபுண்டுவின் நிறுவுக் கருவியான ஆப்ட் மூலம் என்ஜின்எக்ஸை நிறுவுங்கள். வெளித் தொடர்புகளைத் தடுத்துக் காக்கும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்குமுன் 22 (எஸ்எஸ்எச்), 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) ஆகிய போர்ட்டுகளை, அதாவது தொடர்பு வாயில்களை, திறந்துவிடுங்கள். 22 விடுபட்டால் மறுமுறை நீங்களே நுழைய முடியாது. பிறகு என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-அவைலபிள் அடைவில் தளத்துக்கான அமைவுக் கோப்பை எழுதி, சைட்ஸ்-எனேபிள்ட் அடைவில் அதற்கொரு சிம்லிங்க் (அக்கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்குங்கள். சிம்லிங்க்குக்கு முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் கட்டளையை டி (-t) தெரிவுடன் ஓட்டி அமைவைச் சோதித்த பின்பே, புதிய அமைவு நடைமுறைக்கு வர ரீலோட் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் உலாவியில் 403 (அணுகல் மறுக்கப்பட்டது) என்று வந்தால், பெரும்பாலும் காரணம் கோப்பு அனுமதிதான். தளக் கோப்புகளைப் பலர் தம் ஹோம் அடைவிலேயே வைத்துவிடுகிறார்கள். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் அடைவு 750 அனுமதியுடன், அதாவது உரிமையாளரும் அவர் குழுவும் தவிர வேறெவரும் நுழைய முடியாதபடி, உருவாகிறது. என்ஜின்எக்ஸோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்னும் தனிப் பயனராக இயங்குகிறது. கோப்பு வரையுள்ள ஒவ்வோர் அடைவிலும் நுழையும் அனுமதி அதற்கு வேண்டும். வாசற்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்துவைத்துப் பயனில்லை. ஆகவே, இணையத்தில் பலர் சொல்வதுபோல் தளத்தின் அடைவுக்கு எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 கொடுத்தாலும் பிழை நீங்காது, பாதுகாப்புத்தான் போகும். என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவேடான எரர் லாக்கில் அனுமதி மறுக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தால், கோப்புகளை வார் அடைவின் கீழுள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூ அடைவுக்கு மாற்றி, எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டுமே மாற்றலாம் என்னும்படி அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என அமைத்து, அமைவுக் கோப்பில் தளத்தின் இடத்தைக் குறிக்கும் ரூட் வரியையும் திருத்துங்கள்.

பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தேவையான சான்றிதழைப் பெற செர்ட்பாட் என்னும் கருவி போதும். அது பெற்றுத்தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் இலவசச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும் என்றாலும், புதுப்பித்தலை செர்ட்பாட்டே பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: பக்கங்களில் தமிழ் சரியாகத் தெரிகிறது, ஆனால் தேவாரப் பாடல்களை ஏற்றிய டெக்ஸ்ட் கோப்புகள் மட்டும் புரியாத குறிகளாக வருகின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எச்டிஎம்எல் பக்கம் தன் எழுத்துக் குறியாக்கத்தைத் தானே அறிவித்துக்கொள்ளலாம். டெக்ஸ்ட் கோப்புக்கு அந்த வசதி இல்லாததால் சர்வர்தான் சொல்லியாக வேண்டும். அமைவுக் கோப்பின் சர்வர் தொகுதிக்குள் சார்செட் என்னும் கட்டளைக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்து ரீலோட் செய்யுங்கள். உலாவி பழைய நகலையே காட்டக்கூடும் என்பதால், கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.