குமரி வானத்தின் படத்தில் விமானத்தின் படத்தை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது எப்படி?

பலர் விமானத்தின் ஓரத்தை வெட்டுவதிலேயே பொழுதைச் செலவிடுகிறார்கள். ஆனால் ஒட்டைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் ஒளியும் கடல்மூட்டமும்தான். ஆகவே கிம்ப், போட்டோஷாப் போன்ற படத்திருத்த மென்பொருள் எதைத் திறப்பதற்கு முன்பும் இரண்டு படங்களிலும் வெயில் எப்பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பாருங்கள். கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறையை நோக்கி அதிகாலையில் எடுத்த படத்தில் சூரியன் எதிரே நிற்பதால், நம் பக்கம் தெரியும் விமான உடல் நிழலாகத்தான் இருக்க வேண்டும். நண்பகலில் எடுத்த பளிச்சென்ற விமானத்தை எவ்வளவு திருத்தினாலும் அங்கே பொருந்தாது. வேறு படம் தேடுவதே நல்லது.

அடுத்தது கோணம். தலைக்கு மேலே பறக்கும் விமானத்தின் அடிவயிறு தெரிய வேண்டும், இறக்கையின் மேற்பரப்பு தெரியக் கூடாது. மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால், சக்கரம் இறக்கிய பயணிகள் விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அளவுக்குத் திருவள்ளுவர் சிலையே நல்ல அளவுகோல். பீடத்துடன் அதன் உயரம் 133 அடி, அதாவது ஏறத்தாழ 40.5 மீட்டர், ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நீளம் 37.57 மீட்டர். பக்கவாட்டில் தெரியும் அவ்விமானம் சிலை இருக்கும் தொலைவிலேயே பறப்பதாகக் காட்டினால், அதன் நீளம் சிலையின் உயரத்தைவிடச் சற்றே குறைவாகத் தெரியும். அதைப் போல நான்கு மடங்குத் தொலைவென்றால் கால்பங்காகச் சுருங்கும்.

இனி மூட்டம், இங்கேதான் பொறுமை வேண்டும். விமானத்தைத் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) வைத்து, லேயர் மாஸ்க்கில் (அடுக்கின் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) மென்மையான பிரஷ்ஷால் ஓரத்தைச் சீராக்கியபின், அதன் மிகக் கறுத்த இடத்தையும், பின்னணியில் அதே தொலைவில் இருக்கும் பாறையின் கறுத்த இடத்தையும் நிறத்தின் எண்மதிப்பைக் காட்டும் கலர் பிக்கரால் தொட்டு எண்களை ஒப்பிடுங்கள். தொலைவிலுள்ள பாறை முழுக் கறுப்பாக இராது, சாம்பல்நீலம் ஏறியிருக்கும். ஒளி அளவைத் திருத்தும் கர்வ்ஸ் கோட்டின் இடது கீழ் முனையை உயர்த்தி விமானத்தின் கறுப்பையும் அந்த அளவுக்கு வெளிறச் செய்யுங்கள். பிறகு விமானத்தின் பின்னாலுள்ள வானத்தின் நிறத்தை எடுத்து, லேயரின் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு (வெற்றிடத்தில் நிறம் படியாமலிருக்க), மிகக் குறைந்த ஒபாசிட்டியில் (நிற அடர்த்தியில்) மேலே தடவுங்கள். ஓரத்தில் பழைய வானத்தின் நீலக் கோடு ஒட்டியிருந்தால் அதுவும் இதில் ஓரளவு மங்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு மேலே ஏடிஆர் போன்ற புரொப்பெல்லர் விமானத்தை வைப்பவர்கள், சுழலும் தகடுகளுக்கு மட்டும் வட்டமான பிளர் (மங்கல்) கொடுக்க வேண்டும். தகடுகள் உறைந்து நின்றால் எஞ்சின் நின்றுபோனதாகவே தோன்றும்.

கடைசியாகப் பின்னணியில் உள்ள அளவுக்கே விமானத்திலும் நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேர்த்து, 100 சதவீத அளவில் பாருங்கள். வெளியிடும்போது இது இணைத்து உருவாக்கிய படம் என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். 2017 ஒக்கிப் புயலில் காணாமற்போன மீனவர்களைத் தேடி விமானங்கள் பறந்த கடல் இது, தாழப் பறக்கும் விமானத்தைக் கண்டால் கரையோர ஊர்களில் முதலில் எழுவது அச்சம்தான்.