பழைய ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள்: அடையாளம் காண்பதும் சீர்செய்வதும்

பரணிலோ கொட்டகையிலோ நெடுங்காலம் கிடந்த கறுப்பு சைக்கிள் ஒன்று கைக்கு வந்தவுடன், அதை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பூச்சுக்கு அனுப்பிவிடுவதே பலரின் வழக்கமாக இருக்கிறது. அது எந்த வண்டி, எங்கே செய்யப்பட்டது என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி அந்தப் பழைய பூச்சிலும் முத்திரைகளிலும்தான் இருக்கிறது; சுரண்டியபின் அவற்றை எவராலும் மீட்க இயலாது. ஆகவே ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன், உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வண்டியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பிடிக்குக் கீழே நிறுவனப் பெயர் தாங்கிய முகப்பு வில்லை காணாமற்போயிருந்தாலும் பெடல் பக்கத்துப் பற்சக்கரம் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். அதன் நடுவே நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் அது ராலே. ஐந்து மனித உருவங்கள் நின்றால் ஹம்பர். விரித்த கை இருந்தால் ரட்ஜ். எழுத்துகளே வடிவமாக அமைந்திருந்தால் பி.எஸ்.ஏ. பர்மிங்காமில் துப்பாக்கி செய்த நிறுவனம் என்பதால் பி.எஸ்.ஏ.வின் முத்திரையில் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் இருக்கும். முன்சக்கரத்தின் இருபுறமும் இரட்டைக் குழாய்களாக இறங்கும் ஃபோர்க் ஹம்பருக்கே உரிய அடையாளம். ஹம்பர் சைக்கிள் தொழில் 1932இலும், ரட்ஜ் 1943இலும், பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவு 1957இலும் ராலேயின் கைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய வண்டிகளில் பெயர் ஒன்றாகவும் உள்ளுறுப்புகள் ராலேயின் ஊரான நாட்டிங்காமில் செய்தவையாகவும் இருப்பதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நம் ஊர்களில் கிடைக்கும் வண்டிகளில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னைக்கு அருகில் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களில் வண்டிகளைச் செய்தது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனம் ராலே வண்டிகளைச் செய்தது. எனவே பெயரை மட்டும் வைத்து இங்கிலாந்து வண்டி என்று முடிவுகட்ட முடியாது. இருக்கைக் குழாயிலும் முகப்பு வில்லையிலும் உள்ள ஊர்ப் பெயரைப் படித்தாக வேண்டும். அம்பத்தூர் வண்டி என்று தெரிந்தால் மனம் சோரவும் தேவையில்லை. தபால்காரரும் பால்காரரும் பள்ளி ஆசிரியரும் மிதித்த வண்டிகள் அவை. காக்கப்படும் தகுதி அவற்றுக்கும் முழுமையாக உண்டு.

ஆண்டைக் கண்டறிய, பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் (கியர்கள் உள்ளடங்கிய நடுக்குடம்) இருந்தால் அதைத் துடைத்துப் பார்க்கலாம்: ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்கு அருகில் 52 அல்லது 58 போன்ற எண் பொறிக்கப்பட்டிருந்தால் அது அந்த ஹப் செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும். சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இதை ஒரு தடயமாக மட்டுமே கொள்ள வேண்டும். ராலேயில் வண்டிச் சட்டத்தின் வரிசை எண் பெரும்பாலும் இருக்கைக் குழாயின் தலைப்பகுதியில் இருக்கும்.

இனி பிரிக்கும் வேலை. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்தது. அது கடிகாரச் சுற்றில் கழலும். வண்டிகள் மிகுதியாகக் கெடுவது, பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பாகிய காட்டர் பின்னைக் கழற்றும்போதுதான். துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, நட்டை மரையின் முனைக்குச் சமமாகத் தளர்த்தி, கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்தபின், சிறு தட்டுகளாகப் பல தட்டாமல் ஓங்கி ஒரே அடி அடிக்க வேண்டும். முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளிருக்கும் பேரிங் குண்டுகளின் மீதும் அவை உருளும் கிண்ணமான கப்பின் மீதும் இறங்கி அவற்றில் பள்ளம் விழச் செய்யும். வலப்பக்கக் கப்பு இடமரை கொண்டது. அது தேயாமலிருந்தால் கழற்றாமல் அங்கேயே மண்ணெண்ணெயால் கழுவிக்கொள்வது நல்லது. கப்பு வாங்க நேர்ந்தால் பழையதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நாட்டிங்காம் ராலேயின் மரை அங்குலத்துக்கு 26 சுற்று, மற்ற ஆங்கில வண்டிகளில் 24. வலிந்து ஏற்றினால் சட்டமே பாழாகும்.

பூச்சைச் சோப்பு நீரால் மென்மையாகக் கழுவி, மெழுகு பூசினால் போதும். மட்கார்டின் தங்கக் கோடுகள் மீதும் எழுத்துகள் மீதும் பெட்ரோலோ தின்னரோ படக் கூடாது. அவை நொடியில் கரைந்துவிடும். குரோமியத்தில் ஏறிய மேல்துருவை, அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்த்தே பெரிதும் அகற்றலாம். தோல் இருக்கையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைப்பது பரவலான தவறு: தோல் தளர்ந்து தொட்டிலாகத் தொங்கிவிடும். தோலுக்குரிய மெழுகை மெல்லியதாகப் பலமுறை தடவி, அதன்பின் முன்மூக்கின் அடியிலுள்ள நட்டைச் சிறிதளவு மட்டும் இறுக்க வேண்டும்.

டயர் வாங்கும்போது அங்குல அளவை மட்டும் நம்பாதீர்கள். 28 அங்குலம் என்ற பெயரிலேயே 635, 622 என இரு வேறு மில்லிமீட்டர் அளவுகள் விற்கப்படுகின்றன. கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக்) கொண்ட பழைய பெரிய சக்கரத்துக்கு உரியது 635. கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் பதிவதால், முதலில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிட்டுத்தான் பிரேக்கைப் பொருத்த முடியும்.

திரும்பப் பூட்டும்போது இரு காட்டர் பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லையென்றால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கமாட்டா. கியர் ஹப்பில் கிரீஸ் அடைக்காமல் அதன் எண்ணெய்த் துளை வழியே மெல்லிய இயந்திர எண்ணெயைச் சில துளிகள் விட்டு, நடுக் கியரில் வைத்து, அச்சு நட்டின் சாளரத்தில் தெரியும் சிறு கியர் சங்கிலியின் தண்டு அச்சின் முனைக்குச் சமமாக நிற்கும்படி கியர் கேபிளைச் சரிசெய்யுங்கள். முதல்முறை சிறிது தூரம் மிதித்து வந்தபின் காட்டர் பின்களைச் சுத்தியலால் ஒருமுறை உள்ளே தட்டி, நட்டை மீண்டும் இறுக்குங்கள். மழையில் நனைந்த எஃகு ரிம்மில் பிரேக் மிகவும் தாமதமாகவே பிடிக்கும் என்பதால், ஈரச் சாலையில் வழக்கத்தைவிடத் தொலைவிலேயே பிடியை அழுத்தத் தொடங்க வேண்டும்.